ஏறாத பயணி

அண்ணி எங்கள் பேருந்தில் ஏறி ஒரு வருஷம் ஆகியிருந்தது. அவர் வீட்டுக் கதவிலிருந்து எங்கள் நிறுத்தத்துக்கு நூறடிகூட இருக்காது. அங்கே ஏறினால் ஆஸ்பத்திரியின் பின்வாசலில், அவர் வேலை செய்யும் சலவைக்கூடத்துக்கு எதிரிலேயே இறங்கலாம். ஓட்டுவது அவருடைய கணவர். சீட்டு கொடுப்பது நான். இருந்தும் அண்ணி தினமும் நான்கு கிலோமீட்டர் ஓடித்தான் வேலைக்குப் போனார், ஓடித்தான் திரும்பினார். சில நாள் மாலையில் எங்கள் வண்டி அவரைக் கடந்து போகும். அண்ணன் ஹாரன் அடிப்பார். அண்ணி திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். பயணிகள் எல்லாரும் எட்டிப் பார்ப்பார்கள், எனக்குத்தான் மானம் போகும்.

அண்ணன் என்று நான் சொல்வது, எங்கள் டிப்போவில் 'நிமிஷம்' என்று பட்டப்பெயர் வாங்கிய டிரைவரை. பதினான்கு வருஷமாக அவரோடுதான் எனக்கு டியூட்டி. அட்டவணையில் எட்டு பன்னிரண்டு என்று இருந்தால், எட்டு பன்னிரண்டுக்கு வண்டி நிறுத்தத்தில் நிற்கும், எட்டு பதிமூன்றுக்கு நிற்காது. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவருகிறவர்களைக் கண்ணாடியில் பார்த்தபடியே கிளம்பிவிடுவார். "வர்றவனுக்காக நின்னா, உள்ள உட்கார்ந்திருக்கிறவனுக்கு நான் என்ன பதில் சொல்றது?" என்பார். வழியில் எங்காவது தாமதமானால் அடுத்த நான்கைந்து நிறுத்தத்துக்குள் ஈடுகட்டிவிடுவார். இதை நாங்கள் 'நேரம் பிடிக்கிறது' என்போம். அதில் அவரை மிஞ்ச டிப்போவில் ஆள் கிடையாது. அவருடைய கண்டக்டர் என்பதில் எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது.

அவருக்கு வேறு இரண்டு கறாரான விதிகளும் உண்டு. ஒன்று, மணி. கூரையோடு போகும் கயிற்றை நான் ஒரு முறை இழுத்தால் வண்டி நிற்க வேண்டும், இரண்டு முறை இழுத்தால் கிளம்ப வேண்டும். மற்ற டிரைவர்கள் பாதி நேரம் மணிக்குக் காத்திருப்பதில்லை. அண்ணன் ஒரே ஒரு தடவை அப்படிக் கிளம்பியபோது, இறங்கிக்கொண்டிருந்த ஒரு பெண் விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். அன்றிலிருந்து இரண்டு மணி விழாமல் அவர் கியரில் கை வைத்ததில்லை. இரண்டாவது, கைப்பேசி. வண்டி நகர்ந்தால் என் போன் சத்தத்தை அடக்கி, சீட்டுப் பையின் அடியில் போய்விட வேண்டும். "போன்ல பேசிக்கிட்டே சீட்டுக் கொடுக்கிறவன் எனக்கு வேண்டாம்" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். நானும் பழகிவிட்டேன்.

அண்ணியின் வேலை சலவைக்கூடத்தில் நீராவி இஸ்திரிப் பெட்டி. டாக்டர்களின் கோட்டு, நர்சுகளின் சட்டை, அறுவை அறைத் துணி எல்லாவற்றையும் அதன் பலகையில் விரித்து, வலது காலால் பெடலை அழுத்தினால் மேல்தட்டு இறங்கி மூடும். ஆவி உஸ்ஸென்று கிளம்பும். காலை எடுத்தால் தட்டு எழும்பும். ஒரு ஷிப்டுக்கு எண்ணூறு, ஆயிரம் அழுத்தல். இருபத்திரண்டு வருஷம் அதே வலது கால். நான் ஒருமுறை ஏதோ சாவி கொடுக்க உள்ளே போனவன், பத்து நிமிடத்தில் சட்டை முதுகோடு ஒட்டி, மூச்சு முட்டி வெளியே ஓடிவந்தேன். உள்ளே இருந்த பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். அண்ணிதான் சத்தமாகச் சிரித்தார்.

அவர் ஓட ஆரம்பித்தது உடம்பைக் குறைக்கவோ, பத்திரிகையில் படம் வரவோ இல்லை. சலவைக்கூடத்தில் காலை ஷிப்டு ஆறு மணிக்கு. எங்கள் முதல் வண்டி ஆறு பத்துக்குத்தான். ஊருக்கெல்லாம் நேரத்துக்கு வண்டி ஓட்டுகிறவர் வீட்டில், பெண்டாட்டி வேலைக்குப் போக வண்டி இல்லை. முதலில் நடந்தார், பிறகு தாமதமான நாட்களில் ஓடினார், பிறகு எல்லா நாளும் ஓடினார். சாப்பாட்டு டப்பாவை முதுகில் இறுக்கிக் கட்டிக்கொண்டு அரைமணி நேரத்தில் நான்கு கிலோமீட்டர். ஆஸ்பத்திரிச் சுவரில் மாரத்தான் நோட்டீஸ் ஒட்டியபோது கூட வேலை செய்கிறவர்கள் கேலியாகப் பெயர் கொடுத்துவிட, இவர் அதை நிஜமாக எடுத்துக்கொண்டார்.

அது போன வருஷம். நாற்பத்திரண்டு கிலோமீட்டரை ஏழு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். ஏழு மணி நேரக் கணக்குக்கு ஏற்ற வேகத்தில், கடைசியில் ஒரு பேருந்து பின்னாலேயே வரும். அதன் மூக்கு யாரைத் தாண்டுகிறதோ, அவர் கதை முடிந்தது, வண்டியில் ஏறிக்கொள்ள வேண்டியதுதான். அதை ஓட்ட எங்கள் டிப்போவிடம் ஆள் கேட்டார்கள். நேரம் தவறாத டிரைவர் வேண்டும் என்றதும் மேனேஜர் வேறு யாரை அனுப்புவார்? அண்ணனும் நானும் போனோம். நாற்பதாவது கிலோமீட்டரில் அண்ணியைப் பிடித்தோம். கெண்டைக்கால் இழுத்துக்கொண்டு விளக்குக் கம்பத்தைப் பிடித்து நின்றிருந்தார். அண்ணன் ஜன்னல் வழியாக, "போதும், ஏறு" என்றார். அண்ணி ஏறிவிட்டார்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. டிப்போவில் ஒருவரை வழியனுப்பும் கூட்டத்தில், குடும்பங்கள் எல்லாம் உட்கார்ந்திருக்கும்போது, அண்ணன் மைக்கைப் பிடித்து, "என் சர்வீஸ்ல சீட்டு வாங்காம ஏறின ஒரே ஆள் என் பொண்டாட்டிதான்" என்றார். கூட்டமே சிரித்தது. நானும் பல்லைக் காட்டினேன். அண்ணி எழுந்து, நிதானமாக, அங்கிருந்து வீடுவரை நடந்தே போனார். அதுவரை திரும்பும்போதாவது எங்கள் வண்டியில் வந்துகொண்டிருந்தவர், மறுநாளிலிருந்து அதிலும் ஏறவில்லை. அண்ணன் எத்தனையோ தடவை மன்னிப்புக் கேட்டுப் பார்த்துவிட்டார். "கோபமெல்லாம் இல்லைங்க. அந்தப் படியில நான் கால் வைக்கிறதுன்னா, ஒரு தடவை அந்தக் கோட்டைத் தாண்டிட்டு வந்துதான் வைப்பேன்" என்றாராம்.

இந்த வருஷம் அண்ணிக்கு இடுப்பு போய்விட்டது. வலது இடுப்பு மூட்டு தேய்ந்து எலும்போடு எலும்பு உரசுகிறது என்று டாக்டர் எக்ஸ்ரே படத்தைத் தூக்கிக் காட்டினார். மாற்று மூட்டு வைக்கத் தேதி கொடுத்தார். மாரத்தான் முடிந்து பதினெட்டாவது நாள். அதற்குப் பிறகு நடக்கலாம், ஓட முடியாது.

அண்ணி என்னிடம் இதைச் சொன்னது அவர் வீட்டு வாசலில், கொடியில் துணி போட்டுக்கொண்டே. "ஒரே ஒரு தடவைதான் தம்பி பாக்கி இருக்கு. இதை விட்டா இல்ல."

"வலிக்கலையா அண்ணி?"

"வலிக்காம? அது பாட்டுக்கு வலிக்கட்டும். என் பாட்டுக்கு நான் ஓடுறேன்."

பின்னால் வரும் வண்டியை இந்த வருஷம் வேறு யாருக்காவது கொடுக்கச் சொல்லி மேனேஜரிடம் பேசட்டுமா என்று அண்ணனைக் கேட்டேன். அவர் வேண்டாமென்று தலையாட்டிவிட்டார். "வேற எவனாவது ஓட்டினா அவளைத் திட்டித்தான் ஏத்துவான். நானே ஓட்டுறேன். நேரத்துக்கு ஓட்டுறேன். அவ நேரத்துக்குள்ள போயிட்டா எனக்கு முன்னாலயே இருப்பா." அவர் குரலில் கெஞ்சல் இருந்தது. யாரிடம் கெஞ்சினார் என்று தெரியவில்லை.

மாரத்தான் அன்று காலை ஆறு மணிக்கு ஓட்டம் தொடங்கத் துப்பாக்கி வெடித்தது. ஏற்பாட்டாளர்களில் ஒரு பெண் என்னிடம் ஒரு கத்தரிக்கோல், ஒரு பிளாஸ்டிக் டப்பா, ஒரு பட்டியல் கொடுத்தாள். ஏறுகிறவர்களின் காலணியில் கட்டியிருக்கும், ஓடிய நேரத்தைக் கணினியில் பதியும் சில்லை வெட்டி டப்பாவில் போட வேண்டும், எண், ஏறிய இடம், நேரம் மூன்றையும் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். ஓடுகிறவர்களுக்கு ஏதாவது சொல்ல வண்டிக்குள் ஒரு கை ஒலிபெருக்கியும் வைத்தார்கள். "ஏதாவது மாறினா போன்ல சொல்றேன் சார்" என்றாள். "சரிம்மா" என்றேன். வண்டி நகர்ந்தது. போனை அடக்கிப் பையின் அடியில் போட்டேன்.

முப்பது கிலோமீட்டர் வரை எல்லாம் கடிகாரம் மாதிரி நடந்தது. நான்கு பேர் ஏறியிருந்தார்கள். முன்கண்ணாடி வழியாக அண்ணியின் முதுகு தெரிந்தது. நீலச் சட்டை, எண் 2117, எங்களுக்கு இரண்டு நிமிடம் முன்னால், அளந்து வைத்த மாதிரி. வலது காலைக் கொஞ்சம் வெளிப்பக்கமாக வீசிப் போட்டார். அண்ணன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உதட்டுக்குள் எதையோ எண்ணிக்கொண்டிருந்தார். இப்படியே போனால் முடித்துவிடுவார் என்று எனக்குத் தைரியம் வந்தது.

முப்பத்தொன்றாவது கிலோமீட்டரில் ரயில்வே கேட். அந்தப் பாதையில் ஒரு மணி வரை ரயில் வராது என்று ரயில்வேக்காரர்கள் எழுதிக் கொடுத்திருந்தார்களாம். அண்ணி கேட்டுக்கு இருபது அடி இருக்கும்போது தடுப்புக் கட்டை இறங்கியது. ஒரு சரக்கு ரயில் வந்தது. வந்தது போயிருந்தால் தொல்லை இல்லை, சாலையை முழுக்க அடைத்துக்கொண்டு நின்றுவிட்டது.

ஓடிவந்த முப்பது, நாற்பது பேர் கட்டையின் இந்தப் பக்கம் குவிந்தார்கள். நாங்கள் பதினொன்று பத்துக்கு வந்து அவர்கள் பின்னால் நின்றோம். ஒரு பையன் பெட்டிகளுக்கு அடியில் குனிந்து போகப் பார்த்தான், கேட்கீப்பர் கத்திக்கொண்டே ஓடிவந்து அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார். "சிக்னல் விழலைன்னா நான் என்னய்யா பண்றது? ரயிலைத் தோள்ல தூக்கிட்டுப் போகட்டுமா?" யாரோ அழுதார்கள். யாரோ தரையில் உட்கார்ந்தார்கள். அண்ணி உட்காரவில்லை. உட்கார்ந்தால் இடுப்பு பூட்டிக்கொள்ளும் என்று அவருக்குத் தெரியும். கட்டையைப் பிடித்துக்கொண்டு இடத்திலேயே காலை மாற்றி மாற்றி வைத்தார். ஒருமுறை திரும்பி எங்கள் வண்டியைப் பார்த்தார். அண்ணன் அவரைப் பார்த்தார். 

பதினெட்டு நிமிடம். பதினொன்று இருபத்தெட்டுக்கு ரயில் நகர்ந்து கட்டை எழும்பியது. எல்லாரும் பாய்ந்தார்கள். நான் இரண்டு மணி அடித்தேன். அண்ணன் கியரைப் போட்டபடி சொன்னார், "பதினெட்டு நிமிஷம். பிடிச்சிடலாம்."

இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் ஒரு நொடி யோசித்திருப்பார்கள். கேட்டில் நின்றது எங்கள் வண்டி மட்டுமா, முன்னால் ஓடுகிறவர்களும்தானே நின்றார்கள்? அவர்கள் இழந்த அதே நிமிடங்களை நாங்கள் பிடித்தால், அவர்களையே அல்லவா பிடிப்போம்? ஒரு சாதாரண மனிதனுக்கு உடனே தோன்றும் இது எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை. தாமதம் என்றால் பிடிக்க வேண்டும். எங்கள் ரத்தத்தில் ஊறியது அவ்வளவுதான். "பிடிச்சிடலாம் அண்ணே" என்று நானும் சொன்னேன். சொன்ன வாயை அடித்துக்கொள்ள வேண்டும்போல இருக்கிறது இன்றைக்கும்.

அடுத்த ஏழு கிலோமீட்டரில் பதினைந்து பேரை ஏற்றினோம். மொத்தம் பத்தொன்பது. ஒவ்வொருவரையும் வண்டியின் மூக்கு தாண்டியது, ஒவ்வொருவராக நின்றார்கள். ஒரு மணி, கதவு, கத்தரிக்கோல், கையெழுத்து, இரண்டு மணி. அதிலும் வேகம் காட்டினேன், ஒரு ஆளுக்கு இருபது நொடிக்கு மேல் எடுக்கவில்லை. ஏறியவர்களில் ஒரு கணக்கு வாத்தியார் இருந்தார். சில்லை வெட்டும்போதே ஆரம்பித்துவிட்டார்.

"ஏன் சார், கேட்டு எல்லாருக்கும்தானே மூடியிருந்தது? உங்க வண்டிக்கு மட்டும் திறந்திருந்த மாதிரி கணக்குப் போடுறீங்களே?"

"அட்டவணை சார். நான் போட்டது இல்ல. கையெழுத்துப் போடுங்க."

"போன் போட்டுக் கேளுங்க."

"வண்டி ஓடும்போது நாங்க போன் எடுக்கறதில்ல" என்றேன், ஏதோ பெரிய ஒழுக்கத்தைச் சொல்வது மாதிரி, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

அண்ணி எங்கள் சத்தம் கேட்டு வேகத்தைக் கூட்டினார். அது மாரத்தான் ஓட்டம் இல்லை. ஆறு மணி ஷிப்டுக்குத் தாமதமாகிவிட்டால் ஓடுவாரே, அந்த ஓட்டம். நான்கு கிலோமீட்டருக்கு மட்டும் ஆன ஓட்டத்தை முப்பத்தொன்று ஓடி முடித்த உடம்போடு ஏழு கிலோமீட்டர் ஓடினார். முப்பத்தாறில் வலது கால் தரையைத் தேய்க்க ஆரம்பித்தது. முப்பத்தேழில் ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். ஆனால் திரும்பிப் பார்க்கவில்லை. அண்ணன் முகத்தில் வேர்வை வழிந்தது. துடைக்கவில்லை. "ஓடு, ஓடு, ஓடு" என்று அவர் வாய் முணுமுணுத்தது, கால் மட்டும் ஆக்சிலேட்டரில் நேரம் பிடிக்கிற வேகத்தை விடாமல் வைத்திருந்தது. 

முப்பத்தெட்டாவது கிலோமீட்டர் பலகை. மணி பன்னிரண்டு இருபது. அட்டவணையை நிமிடம் பிசகாமல் பிடித்துவிட்டோம். எங்கள் பம்பருக்கும் அண்ணிக்கும் நடுவே ஒரு ஆள் நீளம்தான் இருந்தது. என் கை தானாகக் கயிற்றுக்குப் போனது. ஒரு மணி அடித்தேன்.

வண்டி நின்றது. அண்ணியும் நின்றார். முப்பது வருஷம் டிரைவரோடு குடும்பம் நடத்தியவர், ஒற்றை மணி கேட்டதும் கால் தானாக நின்றுவிட்டது. நான் முன்கதவைத் திறந்து, கத்தரிக்கோலோடு படியில் இறங்கி நின்றேன்.

"ஏறிடுங்க அண்ணி."

"மூக்கு தாண்டலையே தம்பி. எனக்கு முன்னால வரலையே."

"இன்னும் பத்தடியில தாண்டிடும். கால் போயிடுச்சு, பாருங்க. ஏறிடுங்க."

"ஏற மாட்டேன்." இரண்டடி பின்னால் வந்து கதவின் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. "அவர்கிட்டச் சொல்லு, கொஞ்சம் மெதுவா வரச் சொல்லு. கேட்டுல நான் என்ன தப்புப் பண்ணினேன்? நான் என்ன பண்ணியிருக்கணும், சொல்லு."

உள்ளே கணக்கு வாத்தியார் எழுந்து கத்த ஆரம்பித்தார். "இப்பவாவது போனை எடுய்யா!" மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அண்ணன் முன்னால் இருந்து, "என்னடா அங்க?" என்றார். அவர்கள் வாயை அடைக்கத்தான் பையைக் குடைந்தேன். சீட்டுக் கட்டு, தண்ணீர் பாட்டில், துண்டு, எல்லாவற்றுக்கும் அடியில் போன். படியில் நின்றபடியே எடுத்துப் பார்த்தேன்.

பதினான்கு தவறிய அழைப்புகள். ஒரு செய்தி. 'கேட்டில் போன நேரம் ஓடுகிறவர்களுக்குச் சேர்க்கப்படும். முடிவுக் கோடு 1:20 வரை திறந்திருக்கும். பேருந்து 20 நிமிடம் தள்ளி வரவும். ஒலிபெருக்கியில் எல்லாருக்கும் சொல்லிவிடவும்.' அனுப்பிய நேரம் 11:25. ரயில் நகர்வதற்கு மூன்று நிமிடம் முன்பு.

 வெட்டிய பத்தொன்பது சில்லுகளும் டப்பாவில் கிடந்தன. அதில் பதினைந்தை நான் வெட்டியிருக்கவே கூடாது. தலையை நிமிர்த்தினால், கம்பியைப் பிடித்திருந்த அண்ணியின் முகம் போனுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. படித்துக்கொண்டிருந்தார். நேரத்தையும் படித்தார் என்பது அவர் கண் நின்ற இடத்தில் தெரிந்தது.

உள்ளே திரும்பி நான் சொன்னது இதுதான்: "இப்பத்தான் சொல்லியிருக்காங்க. ஒண்ணு இருபது வரை டைமாம். வண்டி இருபது நிமிஷம் லேட்டா போகணுமாம்."

'இப்பத்தான்' என்று சொன்னேன். பயந்துபோய்ச் சொன்னேன். வண்டியில் இருந்தவர்கள் ஏற்பாட்டாளர்களைத் திட்டித் தீர்த்தார்கள். "இப்பவா சொல்றது? சோம்பேறிக் கூட்டம்!" அந்தத் திட்டு முழுவதும் எனக்கு வர வேண்டியது. அண்ணன் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். "இதை முன்னாலயே சொல்லியிருந்தா நான் அவளை இப்படித் துரத்தியிருப்பேனா?" என்றார். செய்தி வந்த நேரத்தை இன்றுவரை நான் அவரிடம் சொன்னதில்லை. போன மாதம் அவர் ஓய்வு பெற்றுவிட்டார், அதனால்தான் இப்போது எழுதத் துணிந்தேன். டிரிப் ஷீட்டைத் தவிர வேறெதையும் அவர் படிக்கிறவரும் இல்லை.

அண்ணி கம்பியை விட்டுவிட்டு நடக்க ஆரம்பித்திருந்தார். பன்னிரண்டு இருபத்துமூன்று.

நான்கு கிலோமீட்டர் சொச்சம், ஐம்பத்தேழு நிமிடம். நல்ல கால் உள்ள யாரும் பேசிக்கொண்டே நடந்து போய்விடலாம். நேரம் திரும்பி வந்துவிட்டது, கால்தான் இல்லை. அந்த ஏழு கிலோமீட்டரில் நாங்கள் அதைத் தீர்த்துவிட்டோம். இடது காலை வைப்பார், வலது தொடையைக் கையால் பிடித்து முன்னால் தள்ளுவார், பெடல் அழுத்துகிற மாதிரி அதன் மேல் உடம்பைச் சாய்ப்பார். மறுபடி இடது கால். நாங்கள் இருபது நிமிடம் அங்கேயே நின்று, அவர் கண்ணிலிருந்து மறைந்த பிறகு கிளம்பினோம். நாற்பதில் அவரைப் பார்த்துவிட்டோம். அதற்குப் பிறகு அவர் பின்னாலேயே, அவர் வேகத்தில்.

சாலையோரத்தில் தண்ணீர் மேஜைகளை மடக்கிவிட்டார்கள். கடைகள் திறந்துவிட்டன. பைகளோடு போகிறவர்கள் நின்று, இந்த அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று பார்த்தார்கள். ஒருவர் அவர் கையைப் பிடிக்க வந்தார், யாராவது தொட்டுத் தாங்கினால் கணக்கில் வராது என்பதால் அண்ணி கையை உதறினார். வண்டிக்குள் பத்தொன்பது பேரும் எழுந்து ஜன்னலோரம் நின்றிருந்தார்கள். கணக்கு வாத்தியார் மட்டும் வாய்விட்டுக் கணக்குப் போட்டார். "நூறு மீட்டருக்கு ஒண்ணரை நிமிஷம் ஆகுது... இடிக்குது சார். இடிக்குது." அவரைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளலாமா என்று இருந்தது எனக்கு. கணக்கு சரியாகத்தான் இருந்தது.

போன வருஷம் 'ஏறு' என்ற அண்ணன் இந்த முறை வாயே திறக்கவில்லை. நாற்பத்தொன்றைத் தாண்டியதும் ஜன்னலில் தலையை நீட்டி ஒரே ஒரு வார்த்தை சொன்னார். "இடது பக்கமா வா. நிழல் இருக்கு."

அண்ணி இடது பக்கம் வந்தார். ஒரு வருஷத்தில் அவர் சொல்லி இவர் கேட்டது அதுதான்.

மைதானத்தின் வாசல்தான் எங்கள் கடைசி நிறுத்தம், உள்ளே வண்டி போகாது. அண்ணி அந்த வாசலைக் கடக்கும்போது ஒன்று பதினெட்டு. உள்ளே இன்னும் நூற்றுச் சொச்சம் மீட்டர். நான் கதவைத் திறந்துகொண்டு இறங்கி ஓடினேன். பக்கத்தில் போகப் பயந்து, ஓடுபாதையின் தடுப்புக் கயிற்றுக்கு வெளியே அவரோடு நடந்தேன். ஒரு தடவை விழுந்தார். கையூன்றி எழுந்தார். அவருக்கும் கோட்டுக்கும் நடுவே நூறடிக்கு மேல் இருக்கும்போது, மேலே பெரிய கடிகாரத்தின் சிவப்பு எண்கள் ஒன்று இருபதைக் காட்டிவிட்டு அணைந்தன. கோட்டின் மேல் நின்ற காற்றடைத்த வளைவின் மோட்டாரை யாரோ நிறுத்தினார்கள். அது மெல்லத் தொய்ய ஆரம்பித்தது.

அண்ணி நிற்கவில்லை. தொய்ந்து இறங்கிய வளைவைக் கையால் விலக்கிக்கொண்டு கோட்டைத் தாண்டினார். என் கைக்கடிகாரத்தில் ஒன்று இருபத்திரண்டு. கணினி முன்னால் இருந்த பெண் எழுந்து நின்று, "மன்னிச்சிடுங்கம்மா, மூடிட்டோம்" என்றாள். அவள் கண்ணும் கலங்கியிருந்தது. முடிவுப் பட்டியலில் 2117க்கு எதிரில் 'முடிக்கவில்லை' என்று இருக்கிறது. இப்போதும் பார்க்கலாம்.

பிறகு அண்ணி என் தோளைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். பத்தொன்பது பேரும் இறங்கிப் போய்விட்டிருந்தார்கள். வண்டி காலியாக நின்றது. டிரிப் ஷீட்டில் கையெழுத்துப் போடாமல் சீட்டை விட்டு எழுந்திருக்காத அண்ணன், படிக்குக் கீழே நின்றிருந்தார். கைகளை எங்கே வைப்பதென்று தெரியாத மாதிரி நின்றிருந்தார்.

"இப்ப இது சும்மா வண்டிதானே?" என்று அண்ணி அவரைக் கேட்டார்.

"சும்மா வண்டிதான்."

"அப்ப ஏறலாம்."

ஆனால் கால் படிக்கு எழும்பவில்லை. இரண்டு முறை முயன்றார். அண்ணன் குனிந்து அந்த வலது காலை இரண்டு கையாலும் ஏந்தி முதல் படியில் வைத்தார், பிறகு இரண்டாவது படியில். அவரை முதல் இருக்கையில் உட்காரவைத்துவிட்டு, தன் சீட்டுக்குப் போய் எஞ்சினைப் போட்டார்.

நான் பட்டியலை முடிக்க உட்கார்ந்தேன். இருபதாவது வரியில் 2117 என்று எழுதினேன். 'ஏறிய இடம்' என்ற கட்டத்தில் 'ஏறவில்லை' என்று எழுதினேன். நேரம் என்ற கட்டத்தில் 1:22. அண்ணி பக்கத்திலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு நிமிஷம்" என்றார்.

"ஆமா அண்ணி."

"கதவுகிட்ட என்னை நிறுத்தி வச்சது மூணு நிமிஷம்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். எஞ்சின் சத்தத்தில் முன்னால் கேட்காது என்று தெரிந்தும் அவர் குரலை இன்னும் தாழ்த்தினார். "அந்தப் போன்ல இருந்த டைம் அவருக்குத் தெரிய வேண்டாம் தம்பி. தெரிஞ்சா அவர் அப்புறம் வண்டி எடுக்க மாட்டார்."

"அண்ணி, நான்..."

"பேசாதே. வீட்டுக்குப் போகணும். காலு ரொம்ப வலிக்குது."

அண்ணன் முன்னால் காத்திருந்தார். "மணி" என்றார். கயிறு என் தலைக்கு மேலேதான் இருந்தது. கையைத் தூக்கப் பார்த்தேன், தூக்க முடியவில்லை. "தம்பி, மணி" என்று அவர் மறுபடி கேட்டார்.

அண்ணி முன்சீட்டுக் கம்பியைப் பிடித்து ஒற்றைக் காலில் எழுந்து, எட்டிக் கயிற்றைப் பிடித்து, இரண்டு முறை இழுத்தார்.